குந்திப்புழாவும் குந்த்தும்: ஒரு புதர்ச்செடிக்குப் பெயர் வந்த வரலாறு

நீலக்குறிஞ்சி பூக்கும் ஆண்டுகளில் ஒரு செய்தி தவறாமல் வலம் வருகிறது. ஸ்ட்ரோபிலாந்தஸ் குந்தியானா என்னும் அதன் அறிவியல் பெயரின் பிற்பாதி, அமைதிப் பள்ளத்தாக்கில் பாயும் குந்திப்புழா ஆற்றிலிருந்து வந்தது என்பதே அச்செய்தி. நாளிதழ்களிலும் சுற்றுலாக் குறிப்புகளிலும் கருத்தரங்கக் கட்டுரைகளிலும்கூட இது இடம்பெற்றுவிட்டது. கேட்பதற்கு இனிமையாக இருக்கிறது. நம் மலைச் செடிக்கு நம் ஆற்றின் பெயர் என்பதில் ஒரு நிறைவும் இருக்கிறது. ஆயினும் இது உண்மையன்று.

இச்செடியை 1832இல் ஃபிளெபோஃபில்லம் குந்தியானம் என்ற பெயரில் முதலில் விவரித்தவர், பிரெஸ்லாவ் நகரில் பேராசிரியராக இருந்த நெஸ் ஃபான் எசன்பெக். அந்த விவரணை, நத்தானியேல் வாலிக் வெளியிட்ட 'பிளாண்டே ஏசியாட்டிகே ரேரியோரஸ்' நூலின் மூன்றாம் தொகுதியில் வந்தது. நெஸ் இந்தியாவைக் கண்டதே இல்லை. அமைதிப் பள்ளத்தாக்கில் தாவரவியலர் ஒருவர் ஆய்வு செய்ததாகக் கிடைக்கும் முதற்பதிவோ ராபர்ட் வைட்டுடையது, ஆண்டு 1847. பெயர் பிறந்து 15 ஆண்டுகள் கழிந்த பின்னர்தான் அந்த ஆற்றங்கரைக் காடு தாவரவியல் ஏடுகளுக்குள் நுழைகிறது. நெஸ் சிறப்பிக்க எண்ணியது கார்ல் சிகிஸ்முண்ட் குந்த் (1788–1850) என்னும் ஜெர்மானியத் தாவரவியலரை. அலெக்சாண்டர் ஃபான் ஹம்போல்ட்டும் போன்பிளானும் தென் அமெரிக்காவில் திரட்டிய செடிகளைப் பாரிசில் அமர்ந்து விவரித்தவர் அவர். அதே பெயரைத் தாங்கிய அமெரிக்கச் செடிகள் பல உண்டு. கிரைனம் குந்தியானம் அவற்றுள் ஒன்று. அமெரிக்கக் காடுகளில் கேரள ஆறு பாய்ந்திருக்க வாய்ப்பில்லை.

நெஸின் பழக்கத்தை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பில்லை. ஒரே குழுவைச் சேர்ந்த தென்னிந்தியப் புதர்களுக்கு அவர் இட்ட பெயர்கள் வைட்டியானா, ஹெய்னியானா, சென்கெரியானா என வரிசையாக நிற்கின்றன. ராபர்ட் வைட், பெஞ்சமின் ஹெய்ன், சென்கர் ஆகியோரின் நினைவாக அமைந்தவை அவை. பான் நகரில் தம்முடன் பணியாற்றிய கோல்ட்ஃபுஸ் பெயரால் 'கோல்ட்ஃபுசியா' என்றொரு பேரினத்தையே அவர் அமைத்தார். சுருங்கக் கூறின், குறிஞ்சிக் குடும்பத்தின் பெயர்ப்பட்டியலைப் புரட்டினால் மேற்குத் தொடர்ச்சி மலையின் வரைபடம் கிடைக்காது. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பியத் தாவரவியலரின் நட்பு வட்டம் கிடைக்கும்.

இத்திருத்தத்தோடு பதிவை முடித்துக்கொள்ளலாம். ஆனால் தவறான கதை ஏன் இவ்வளவு எளிதில் வேரூன்றியது என்ற கேள்வி எஞ்சுகிறது. ஒரு செடி 'புதிய சிற்றினம்' என விவரிக்கப்படும்போது என்ன நிகழ்கிறது, அதை நிகழ்த்தும் உரிமை எவரிடம் இருந்தது, இன்று எவரிடம் இருக்கிறது என்பதை நாம் பாடமாகக் கற்பிப்பதில்லை. அந்த வரலாற்றின் ஒரு கிளை நான் இருக்கும் இந்தப் பெங்களூரு வழியாகச் செல்கிறது. இன்னொரு கிளை தென்கிழக்கு ஆசியாவின் மலைக்காடுகளுக்குச் செல்கிறது.

1

ஸ்ட்ரோபிலாந்தஸ் என்ற பேரினம் பிறந்த இடம் நீலகிரி அன்று, ஜாவா. பியூட்டன்சோர்க் (இன்றைய போகோர்) தாவரவியல் தோட்டத்தின் இயக்குநராக இருந்த கார்ல் லுட்விக் புளூமே 1826இல் இப்பேரினத்தை நிறுவினார். கூம்பு, பூ என்னும் பொருள்தரும் இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை அப்பெயர். இன்று இதில் சுமார் 400 சிற்றினங்கள் ஏற்கப்படுகின்றன. இலங்கை, மேற்குத் தொடர்ச்சி மலை, இமயம், மியான்மர், தாய்லாந்து, லாவோஸ், வியட்நாம், தென் சீனம், ஜாவா எனப் பரவிய இவற்றுள் பெரும்பாலானவை மலைக்காட்டின் கீழடுக்கில் வாழும் புதர்ச்செடிகள்.

இவற்றுள் பலவற்றுக்கு ஒரு பொது இயல்பு உண்டு. பல்லாண்டு இலையும் தண்டுமாக வளர்ந்து, ஒரே பருவத்தில் மலை முழுவதும் பூத்து, விதைத்து, மடிந்துவிடும். நீலக்குறிஞ்சிக்கு இச்சுழற்சி 12 ஆண்டுகள். 1838 தொடங்கி 2006, 2018 வரை இக்கணக்கு பதிவாகியிருக்கிறது. ஜாவாவின் கெடே எரிமலைச் சரிவில் வளரும் ஸ்ட்ரோபிலாந்தஸ் செர்னுவாவுக்குச் சுமார் 9 ஆண்டுகள். மலைவாழ் மக்கள் குறிஞ்சியைக் கொண்டு அகவையைக் கணக்கிட்டதாகப் பதிவுகள் உள்ளன. குறுந்தொகையின் மூன்றாம் பாடல் இச்செடியைத் தேனோடு மட்டும் சேர்த்துப் பேசவில்லை, அதன் தண்டின் கருமையையும் சொல்கிறது. தாவரவியலர் ஒருவர் 'இனங்காட்டும் பண்பு' எனக் குறிக்கத்தக்க செய்தி அது.

இந்த இயல்பே வகைப்பாட்டியலரின் தலைவலியும் ஆகும். ஒரு சிற்றினத்தை அறுதியிடப் பூ வேண்டும். அல்லிவட்டம், மகரந்தத்தாள், பூவடிச்செதில், வெடிகனி, மகரந்தத்தூள் ஆகிய அனைத்தும் வேண்டும். 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் செடியின் மலைக்குச் சேகரிப்பவர் மூன்றாம் ஆண்டில் சென்றால் இலை மட்டுமே கிடைக்கும். எனவே பல சிற்றினங்கள், எப்போதோ ஒருவர் தற்செயலாகப் பூக்காலத்தில் கடந்து சென்றதால் கிடைத்த ஓரிரு உலர்தாவரத் தாள்களின் மூலமே அறிவியலுக்குத் தெரியும். மகரந்தத்தூளின் மேற்பரப்பு இக்குழுவில் வியக்கத்தக்க அளவு வேறுபடுகிறது. அதை முதன்மைச் சான்றாகக் கொண்டு உட்ரெக்ட் நகரின் பிரேமகாம்ப் 1944இல் இக்கூட்டத்தை 50க்கும் மேற்பட்ட பேரினங்களாகப் பிரித்தார். நம் நூல்களில் காணும் 'நீல்கிரியாந்தஸ்' அப்போது பிறந்த பெயர். பிற்கால ஆய்வுகளும், 2004இல் வெளியான மரபணு ஆய்வும் அப்பிரிவுகளை ஏற்கவில்லை. எல்லாம் மீண்டும் புளூமேயின் ஸ்ட்ரோபிலாந்தஸுக்குள் வந்து சேர்ந்தன. ஆகவே தாய்லாந்தின் மலையொன்றில் இன்று புதிய குறிஞ்சிப் புதர் ஒன்றைக் கண்டவர், நீலகிரியின் பழைய பெயர்களையும் சரிபார்த்தாக வேண்டும்.

2

'விவரித்தல்' என்பது செடியைக் கண்டுபிடித்தல் அன்று. அச்செடியைக் காட்டில் வாழ்வோர் முன்பே அறிந்திருப்பர். தாவரப் பெயரீட்டு விதித்தொகுப்பின்படி, 1753ஆம் ஆண்டு மே 1ஆம் நாள் தொடங்கி வெளிவந்த பெயர்களே கணக்கில் கொள்ளப்படும். ஒரு பெயர் செல்லுபடியாக அது முறையாக வெளியிடப்பட வேண்டும். ஒரு விவரணை வேண்டும். 1935 முதல் 2011 முடிய அவ்விவரணை இலத்தீனில் இருந்தாக வேண்டும் என்பது விதி. 2012 தொடங்கி ஆங்கிலமும் ஏற்கப்படுகிறது. 1958 முதல், பெயருக்கு உரிய வகைமாதிரியைச் சுட்டுவதும் கட்டாயம்.

இவற்றுள் மாணவர்கள் அதிகம் தவறவிடுவது வகைமாதிரியின் இடம். பெயர் என்பது விவரணையோடு கட்டப்பட்டதன்று. ஒரு குறிப்பிட்ட உலர்தாவரத் தாளோடு கட்டப்பட்டது. விவரணையில் பிழை இருக்கலாம், பேரினம் மாறலாம், ஃபிளெபோஃபில்லம் ஸ்ட்ரோபிலாந்தஸ் ஆகலாம். ஆயினும் அந்தத் தாளில் ஒட்டப்பட்ட செடி எதுவோ, அதற்கே அப்பெயர். ஆகையால் தாள் எங்கே இருக்கிறது என்பதே கேள்வி. தென்னிந்தியாவைப் பொறுத்தவரை அதற்கான விடை பெரும்பாலும் ஐரோப்பா என்பதாகவே இருந்து வந்துள்ளது.

3

இதன் தொடக்கம் தரங்கம்பாடி. லின்னேயசிடம் பயின்ற யோகான் கெர்ஹார்ட் கோனிக் 1768இல் டேனியத் திருச்சபைப் பணியின் மருத்துவராக அங்கு வந்தார். பின்னர் ஆற்காடு நவாபிடமும் கிழக்கிந்தியக் கம்பெனியிடமும் பணியாற்றினார். கம்பெனியின் சார்பில் 1778 முதல் 1780 வரை சயாமுக்கும் மலாக்காவுக்கும் பயணம் செய்தார். அங்கு அவர் எழுதிய இஞ்சிக் குடும்ப விவரணைகளை சுவீடனின் ரெட்சியஸ் 1783இல் வெளியிட்டார். தென்கிழக்கு ஆசியச் செடிகளை லின்னேயஸ் முறையில் விவரித்த தொடக்ககால முயற்சிகளுள் ஒன்று இவ்வாறு சோழமண்டலக் கரையிலிருந்து புறப்பட்டது. இரு நிலங்களின் தாவரவியலும் தொடக்கத்திலேயே ஒரே கப்பலில் பயணம் செய்தவை.

கோனிக்கின் வழியில் வந்தவர்களுள் ரோட்லர் தனித்துக் குறிப்பிடத்தக்கவர். தாவரங்களைத் திரட்டிய அதே கைதான் தமிழ்–ஆங்கில அகராதி ஒன்றையும் தொகுத்தது. 1834 தொடங்கி அது சென்னையில் வெளிவந்தது. அவருடைய உலர்தாவரத் தொகுப்பு இலண்டன் கிங்ஸ் கல்லூரிக்குச் சென்று, பின் கியூ தோட்டத்தை அடைந்தது. சொற்கள் இங்கே தங்கின; செடிகள் கடல் கடந்தன.

பெங்களூரு இக்கதையில் நுழைவது பெஞ்சமின் ஹெய்ன் வழியாக. சாக்சனியில் பிறந்து, மொராவியச் சபையின் சார்பில் தரங்கம்பாடிக்கு வந்த மருத்துவர் அவர். ராக்ஸ்பரோ கல்கத்தாவுக்குப் பெயர்ந்தபோது சாமல்கோட்டைத் தோட்டப் பொறுப்பு அவருக்கு வந்தது. 1799இல் திப்பு வீழ்ந்த பின்னர், காலின் மெக்கன்சியின் மைசூர் அளவைப் பணியில் மருத்துவராகவும் இயற்கை நூலாராகவும் சேர்ந்தார். ஐதர் அலி தொடங்கிய லால்பாக் தோட்டமும் அவர் கண்காணிப்பில் வந்தது. நிலத்தை அளப்பதும் வருவாயை மதிப்பிடுவதும் செடிகளைப் பட்டியலிடுவதும் அன்று தனித்தனித் துறைகள் அல்ல. வென்ற நாட்டின் கணக்கெடுப்பு என்ற ஒரே பணியின் பகுதிகள் அவை. 1800–1801இல் மைசூர், கன்னடம், மலபார் வழியாகப் பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன் 1807இல் வெளியிட்ட மூன்று தொகுதிகளைப் படித்தாலும் இதுவே விளங்கும்.

ஹெய்ன் திரட்டிய செடிகளை அவர் தாமே விவரிக்கவில்லை. ஐரோப்பாவுக்குச் சென்றபோது பெரும் தொகுப்பொன்றை, பிரேமன் நகரை அடுத்த ஃபெகெசாக்கில் மருத்துவராக இருந்த ஆல்பிரெக்ட் வில்ஹெல்ம் ரோத் என்பவரிடம் அளித்தார். 1819இல் ஹெய்ன் சென்னையில் மறைந்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1821இல், ரோத் எழுதிய 'நோவே பிளாண்டாரம் ஸ்பீசியஸ்' வெளிவந்தது. அதன் தலைப்பே 'புதிய தாவரச் சிற்றினங்கள், குறிப்பாகக் கிழக்கிந்தியாவினுடையவை' என்று பொருள்படும். தீபகற்ப இந்தியாவின் செடிகள் பலவற்றின் பெயருக்குப் பின்னால் இன்றும் 'ரோத்' என்ற ஆசிரியர் பெயர் நிற்பது இதனால்தான். ஹெய்ன் எங்கு, எந்த நாளில், எவர் துணையோடு ஒரு கிளையை ஒடித்தார் என்ற விவரம் அத்தாள்கள் பலவற்றில் இல்லை. 'கிழக்கிந்தியா, ஹெய்ன்' என்ற அளவே முகவரி.

4

ரோத் கையாண்ட தாள்கள் பெர்லின் தாவரவியல் அருங்காட்சியகத்தைச் சென்றடைந்தன. 1943ஆம் ஆண்டு மார்ச் 1ஆம் நாள் இரவு நிகழ்ந்த விமானத் தாக்குதலில் பெர்லின்–டாலெம் உலர்தாவரகம் தீப்பற்றியது. அதன் தொகுப்பின் பெரும்பகுதி சாம்பலாயிற்று. மைசூர்ப் பீடபூமியிலும் கிழக்குத் தொடர்ச்சி மலையிலும் எடுக்கப்பட்ட தாள்கள் பல, அவை பிறந்த நிலத்துக்குத் தொடர்பே இல்லாத ஒரு போரில் எரிந்தன. இன்றைய வகைப்பாட்டுக் கட்டுரைகளில் ஹெய்ன் மாதிரிக்குப் பக்கத்தில் 'பெர்லின், அழிந்தது' என்று இரண்டு சொற்களில் வரும் குறிப்பு இதையே சொல்கிறது.

அழிவுக்கு ஓரளவு ஈடு, வாலிக்கின் செயலால் கிடைத்தது. கம்பெனியின் உலர்தாவரங்களை 1828இல் இலண்டனுக்குக் கொண்டுசென்ற அவர், 9,000க்கும் மேற்பட்ட எண்களில் அவற்றைப் பட்டியலிட்டு, இரட்டைப் படிகளை ஐரோப்பா முழுவதும் பகிர்ந்தார். ஹெய்ன் திரட்டியவையும் அவற்றுள் அடங்கும். முதன்மைத் தாள் அழிந்த இடத்தில், எஞ்சிய இரட்டைப் படி ஒன்றைத் தேர்ந்து வகைமாதிரியாக்க விதி இடமளிக்கிறது. எதுவுமே எஞ்சாவிட்டால் புதிதாகத் திரட்டிய செடியைப் 'புது வகைமாதிரி' ஆக்கலாம். அதற்கு மூல ஊர் தெரிய வேண்டும். 'கிழக்கிந்தியா' என்ற முகவரியை வைத்துக்கொண்டு எந்த மலைக்குச் செல்வது? இரு நூற்றாண்டுகளுக்கு முன் எழுதாமல் விடப்பட்ட ஒரு வரி இன்றைய ஆய்வாளரின் ஆண்டுகளைத் தின்கிறது.

தாளில் விடுபட்டவை ஊர்ப்பெயர்கள் மட்டுமல்ல. ராபர்ட் வைட்டின் 'ஐகோன்ஸ்' 1838 முதல் 1853 வரை ஆறு தொகுதிகளாக, 2,101 படங்களோடு வெளிவந்தது. அப்படங்களில் பெரும்பாலானவை ரங்கையா, கோவிந்து என்னும் இரு ஓவியர்களின் ஆக்கம். படத்தின் அடியில் சிறு எழுத்தில் அவர்கள் பெயர் உண்டு. வகைப்பாட்டு நூல்களின் மேற்கோள்களிலோ வைட் மட்டுமே உண்டு. மகரந்தத்தாளின் எண்ணிக்கையையும் சூலகத்தின் வெட்டுத் தோற்றத்தையும் பிழையின்றி வரைவது விவரித்தலின் பாதி வேலை. வைட் அதை உணர்ந்திருந்தார். 1853இல் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குக் 'கோவிந்தூயா' என்று பெயரிட்டார். ஆனால் லிண்ட்லி அதே குழுவுக்கு 'டிரோபிடியா' என முன்பே பெயரிட்டிருந்தமையால், முந்தைய பெயரே நிலைக்கும் என்ற விதிப்படி கோவிந்துவின் பெயர் வழக்கொழிந்தது. ஜாவாவிலும் இதன் எதிரொலி உண்டு. ஃபான் ஸ்டீனிஸ் 1972இல் வெளியிட்ட ஜாவா மலைத் தாவர நூலின் வண்ணப் படங்கள் அமீர் ஹம்சா, முகமது தோஹா ஆகிய இரு ஓவியர்களுடையவை. அவர்கள் பெயர் நூலின் முகப்பிலேயே இடம்பெற்றது. ரங்கையாவுக்கும் கோவிந்துவுக்கும் அத்தகைய இடம் எடின்பரோவின் ஹென்றி நோல்ட்டி எழுதிய நூல்கள் வழியாகவே, இந்நூற்றாண்டில், கிடைத்தது.

5

சுதந்திரத்துக்குப் பின் நிலை மெல்ல மாறியது. பெங்களூரு புனித ஜோசப் கல்லூரியின் சேசு சபைத் துறவி சிசில் சல்டானா, டான் நிக்கல்சனுடன் இணைந்து 1976இல் ஹாசன் மாவட்டத் தாவர நூலை வெளியிட்டார். கர்நாடகத் தாவர நூலின் முதல் தொகுதி 1984இலும் இரண்டாம் தொகுதி 1996இலும் வந்தன. அவர் கட்டியெழுப்பிய உலர்தாவரகம் இன்று இந்திய அறிவியல் கழகத்தில் உள்ளது. அதே காலத்தில் திருச்சிராப்பள்ளியில் கே. எம். மேத்யூ ராபினாட் உலர்தாவரகத்தை நிறுவி, தமிழகச் சமவெளியையும் பழனி மலையையும் விரிவாகப் பதிவு செய்தார். இவர்களின் தாள்களில் ஊர், உயரம், நாள், சேகரித்தவர் அனைத்தும் உண்டு. இரு நூற்றாண்டுகளாக வெளியே சென்றுகொண்டிருந்த முகவரி உள்ளூரில் எழுதப்படத் தொடங்கியது.

2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம் இதைக் கட்டாயமாக்கியது. அதன் 39ஆம் பிரிவின்படி, புதிய உயிரினம் ஒன்றைக் கண்டறிபவர் அதை அரசு குறித்த காப்பகத்துக்குத் தெரிவித்து, சான்று மாதிரியை அங்கே ஒப்படைக்க வேண்டும். இச்சட்டத்தின் ஏனைய பகுதிகள் பற்றி ஆய்வாளரிடையே குறைகள் உண்டு. அனுமதி பெறுவதில் உள்ள தாமதமும், அண்டை நாடுகளோடு மாதிரிகளைப் பரிமாறுவதில் உள்ள சிக்கலும் மெய்யானவை. எல்லை கடந்து வளரும் ஒரு பேரினத்தை எல்லைக்குள் இருந்துகொண்டு முழுமையாக ஆராய இயலாது. ஆனால் ஹெய்னின் தாள்களுக்கு நேர்ந்ததை அறிந்தவர் எவரும் இந்த 39ஆம் பிரிவை வெறும் அலுவல் சடங்கு எனத் தள்ளமாட்டார்.

பணி முடிந்துவிடவில்லை. 2010இல் வெளியான ஓர் ஆய்வு, புதிய பூக்கும் தாவரங்களின் விவரணைகளைக் கணக்கிட்டது. சேகரிக்கப்பட்டு ஐந்து ஆண்டுகளுக்குள் விவரிக்கப்பட்டவை 16 விழுக்காடு மட்டுமே. ஏறத்தாழ கால் பங்கு, 50 ஆண்டுகளுக்கும் மேல் தாளில் கிடந்த பின்னரே பெயர் பெற்றன. இனி விவரிக்கப்பட வேண்டிய சிற்றினங்களில் பாதிக்கும் மேல் ஏற்கெனவே உலர்தாவரகங்களில் இருக்கின்றன என்பது அவ்வாய்வின் மதிப்பீடு. அதை எழுதியவர்களுள் ஜான் வுட், மார்க் கரைன், ராபர்ட் ஸ்காட்லாந்து ஆகிய மூவரும் ஸ்ட்ரோபிலாந்தஸில் உழைத்தவர்கள் என்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. பூக்காத ஆண்டுகளில் திரட்டிய, பெயரற்ற இலைத் தாள்களோடு நாளெல்லாம் போராடியவர்களுக்கே இக்கேள்வி எழும்.

பெயர் பெறாத செடிக்குச் சட்டத்தில் இருப்பு இல்லை. அழிவாய்ப்புப் பட்டியலில் இடம்பெறவும், ஒரு சாலைத் திட்டத்தின் சூழல் அறிக்கையில் குறிக்கப்படவும் அதற்குப் பெயர் வேண்டும். நீலக்குறிஞ்சிக்கென 2006இல் மூணாறை அடுத்துக் குறிஞ்சிமலைச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. பெயரும் புகழும் பெற்ற செடி என்பதால் அது இயன்றது. அதே சரிவுகளிலும், அவற்றைப் போன்ற தென்கிழக்கு ஆசியச் சரிவுகளிலும், அடுத்த பூக்காலத்துக்காகக் காத்திருக்கும் பெயரற்ற புதர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. தேயிலையும் ரப்பரும் முந்திக்கொண்டால், அவை விவரிக்கப்படும் முன்னரே முடிந்துவிடும்.

இனி, குந்திப்புழாக் கதைக்கு வருவோம். அதைத் தவறு என்று சொல்வது நம் நிலத்துக்கு உரிய பெருமையைக் குறைப்பதற்காக அன்று. பொய்யான ஓர் உரிமையை நாம் பற்றிக்கொண்டிருக்கும் வரை, மெய்யான இழப்பு கண்ணில் படாது. பிரெஸ்லாவில் இருந்தவர் பெர்லினுக்கு உரியவரின் பெயரை நம் மலைச் செடிக்கு இட்டார் என்பதே வரலாறு. அப்பெயரை மாற்றவும் வேண்டியதில்லை; பெயர்களின் நிலைத்தன்மை அறிவியலுக்குத் தேவை. 2024 மாட்ரிட் மாநாட்டில், தென்னாப்பிரிக்கரை இழிவுபடுத்தும் ஒரு சொல்லிலிருந்து வந்த சிற்றினப் பெயர்களைத் திருத்த முடிவெடுத்தார்கள். அது வேறு வகை. குந்த் எவரையும் இழிவுபடுத்தவில்லை.

ஆனால் இனி வரும் பெயர்கள் நம் கையில் இருக்கின்றன. களத்துக்குச் செல்லும் மாணவர்களிடம் நான் வேண்டுவது எளியது. தாளில் ஊரையும் உயரத்தையும் எழுதுவதோடு, வழிகாட்டியாக உடன் வந்தவரின் பெயரை, அவர் இசைந்தால், சேகரித்தோர் வரிசையில் எழுதுங்கள். அவர் அச்செடிக்குச் சொல்லும் பெயரை அவர் ஒலிக்கும் வண்ணமே எழுதுங்கள். பூ இல்லாத தாளையும் எறியாதீர்கள். பூக்கும் ஆண்டு வரும். இரட்டைப் படியை இன்னொரு நகரின் உலர்தாவரகத்துக்கு அனுப்புங்கள். ஒரே கட்டடத்தை நம்பியதன் விலையைப் பெர்லின் காட்டிவிட்டது. 2030இல் நீலக்குறிஞ்சி மீண்டும் பூக்க வேண்டும். அதற்குள் உங்கள் தாள்களைச் செப்பனிட்டு வைத்திருங்கள்.